அயல்வீட்டு அம்மையார் விற்க நினைக்கும் பழைய சுவிஸ் கரபினர்: எந்த மாதிரி, எந்த நிலை, என்ன பெறுமதி?

ஆரைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பேர்ன் மாநிலத்தில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வசிக்கும் முதிய சுவிஸ் அம்மையார், கடந்த இளவேனிலில் காலமான தம் கணவரின் இராணுவத் துவக்கை எனக்கு விற்க விரும்புகிறார். நான் சுவிஸ் குடியுரிமை பெற்றவன். கிராமத்துச் சுடுகழகத்தில் கழகத் துவக்கை இரவல் வாங்கிச் சுடுவேனே தவிர, சொந்தமாக ஒன்று வைத்திருந்ததில்லை.

அம்மையார் இதை "1911ஆம் ஆண்டு மாதிரி" என்கிறார். பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது "அன்ரீக்" வகையைச் சேர்ந்ததால் எந்தப் பத்திரமும் தேவையில்லை என்று சொல்லி, மிகக் குறைந்த விலை ஒன்றைக் கேட்டாராம். இரண்டு கூற்றுகளிலும் எனக்கு ஐயம் இருக்கிறது.

நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். மொத்த நீளம் ஏறக்குறைய 110 சென்ரிமீற்றர். ரவை அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டுருளையின் கைப்பிடியைத் திருப்ப வேண்டியதில்லை. நேராகப் பின்னே இழுத்தால் திறக்கிறது. பின்முனையில் விரல் நுழையக்கூடிய இரும்பு வளையம் ஒன்று உண்டு. ரவைக்கூடு விசைக்காப்பை ஒட்டியே, இடைவெளி இல்லாமல் அமைந்திருக்கிறது. பூட்டறையின் மேலே சுவிஸ் சிலுவை. இடப்பக்கத்தில் 7இல் தொடங்கும் ஆறு இலக்க எண். அந்த எண் பூட்டுருளையிலும் இருக்கிறது. ரவைக்கூட்டில் மட்டும் வேறு இலக்கங்கள். எண்ணுக்கு அருகே "பி" என்ற இலத்தீன் எழுத்தும் 72 என்ற இலக்கமும் குத்தப்பட்டுள்ளன. மரம் கரும்பழுப்பு நிறம். தோளில் ஊன்றும் மரப்பகுதியான பிடங்கின் கீழ்ப்பாதி மட்டும் எலி கரம்பியதுபோலச் சிதைந்து, வெண்மை படர்ந்திருக்கிறது.

இது உண்மையில் எந்த மாதிரி? சட்டப்படி பழம்பொருளா? சுடுவதற்கு ஏற்றதா என்பதை எப்படிச் சோதிப்பது? பிடங்கைத் தேய்த்து மெருகெண்ணெய் பூசினால் மதிப்புக் கூடுமா? அம்மையாரை ஏமாற்றாத விலை எதுவாக இருக்கும்? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமானது.

---

நேர்குறி எழுதியது:

வணக்கம். நீங்கள் தந்த விவரிப்பே பாதி வேலையை முடித்துவிட்டது. இது 1911 மாதிரி அல்ல. கரபினர் 31, நம் கழகங்களில் "கா 31" என்று அழைக்கப்படும் துவக்கு.

இரண்டும் நேரிழுப்புப் பூட்டு உடையவை. இரண்டுக்கும் பின்முனை வளையம் உண்டு. மொத்த நீளமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் குழம்புவது இயல்பு. வேறுபாட்டை ரவைக்கூடு காட்டிக்கொடுக்கும். 1911 கரபினரில் விசைக்காப்புக்கும் ரவைக்கூட்டுக்கும் இடையே நன்றாகத் தெரியும் அளவு மரம் இருக்கும். கா 31இல் அவை ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பழைய அமைப்பில் பூட்டுருளையைத் தாங்கும் பூட்டுப்பற்கள் பின்னால் இருந்தமையால் பூட்டறை நீண்டிருந்தது. பேர்னில் இருந்த கூட்டாட்சி ஆயுதத் தொழிற்சாலையில் கேணல் அடோல்ஃப் ஃபூரரின் தலைமையில் புதிய கரபினரை வடிவமைத்தபோது, அந்தப் பற்களை ரவை அறைக்கு அண்மையாக முன்னே கொண்டுவந்தார்கள். பூட்டறை குறுகியதால் மிஞ்சிய நீளம் குழலுக்குக் கிடைத்தது: 1911 கரபினரின் குழல் 592 மில்லிமீற்றர், கா 31இன் குழல் 652 மில்லிமீற்றர். துவக்கு நீளாமலேயே குழல் ஆறு சென்ரிமீற்றர் நீண்டுவிட்டது. 300 மீற்றர் தூரத்தில் இந்தத் துவக்கு இன்றும் பெயர் பெற்றிருப்பதற்கு அதன் குழலும், முன்பகுதியில் கிடைத்த உறுதியான பிடிப்பும் பெரிய காரணங்கள்.

1931இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட இந்த மாதிரி 1958 வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் ஐந்து இலட்சத்துக்கும் மேல். உங்களுடையது 7இல் தொடங்குவதால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்தது. கரும்பழுப்பு மரமும் அதற்குப் பொருந்துகிறது: 1946 அளவு வரை வால்நட் மரத்தையே பயன்படுத்தினார்கள், அதன் பின்னரே வெளிறிய பீச் மரத்துக்கு மாறினார்கள். ஆறு இலக்க எண்ணை ஆண்டுவாரியாகப் பிரித்துக் காட்டும் பட்டியல்கள் சேகரிப்பாளர்களிடம் புழங்குகின்றன. கழகத்தின் மூத்த உறுப்பினர் எவரிடமும் கேட்டால் ஆண்டைச் சொல்லிவிடுவார்.

"பி" என்ற எழுத்து, சேவையை முடித்த படைவீரர் தம் துவக்கைத் தனியுடைமையாக்கிக்கொண்டபோது குத்தப்படுவது. கூட உள்ள 72 அந்த ஆண்டைக் குறிக்கும். அதாவது, அம்மையாரின் கணவர் இதைச் சந்தையில் வாங்கவில்லை. அவரிடம் இருந்த சேவைத் துவக்கே 1972இல் அவருக்குச் சொந்தமாயிற்று என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ரவைக்கூட்டின் எண் மாறியிருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முகாமில் பத்துப் பேர் ஒரே மேசையில் துவக்குகளைக் கழற்றித் துடைக்கும்போது கூடுகள் கைமாறிப்போவதற்கு எவ்வளவு நேரமாகும்? சேகரிப்பாளருக்கு அது சிறு குறைதான். பூட்டுருளையின் எண் மாறியிருந்தால் மட்டுமே நான் முகம் சுளிப்பேன். ஏனெனில் வேறு துவக்கின் பூட்டுருளை ரவையின் அடிப்பகுதியைச் சரியான இடைவெளியில் தாங்குகிறதா என்பதை அளந்து பாராமல் சுடக்கூடாது.

---

சாணைக்கல் எழுதியது:

மாதிரியைப் பற்றி நேர்குறி சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிடங்கை அப்படியே விட வேண்டுமா? எனக்கு அறிமுகமான ஒருவர் இதேபோன்ற கா 31ஐ மலிவாக வாங்கி, மரத்தை நன்றாகத் தேய்த்து, ஆளி எண்ணெய் ஊட்டி, கண்ணாடிபோல மினுக்கி, வாங்கியதைவிட நல்ல விலைக்கு விற்றார். சுடுவதற்காக வாங்குபவர் பலருக்கு அழகான மரமே பிடிக்கும். சிதைந்த பிடங்கை அப்படியே வைத்திருப்பது வறட்டுப் பற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

---

நேர்குறி எழுதியது:

சாணைக்கல் அவர்களே, விற்பனைக்காக மினுக்குபவர் விற்றுவிட்டுப் போய்விடுவார், இழப்பு அடுத்தவருடையது. இந்தத் துவக்கில் பிடங்கின் கீழ்ப்பாதிச் சிதைவு ஏறத்தாழ ஒரு கையொப்பம். ஆணி அடித்த மலைச்சப்பாத்துகளோடு வரிசையில் நின்றபோது பிடங்கு காலோரத்தில் உரசியதால் ஏற்பட்டது என்று சிலரும், பனியிலும் கல்லிலும் ஊன்றி நிறுத்தியதால் ஏற்பட்டது என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டும் நடந்திருக்கக்கூடியவை. எதுவானாலும், சேவையில் இருந்த துவக்குக்கு அது இயல்பான தழும்பு; அதைக் கண்டு எவரும் விலையை அடிமாட்டு விலைக்கு இறக்குவதில்லை.

தேய்ப்பதால் வரும் சேதம் வேறு வகையானது. மரத்தில் குத்தியிருக்கும் சிறு சிலுவைகளும் பரிசோதகர் முத்திரைகளும் முதல் தேய்ப்பிலேயே மங்கிவிடும். மரம் மெலிந்தால், பிடங்கின் அடியை மூடும் பிடங்குத் தகட்டின் இரும்பு விளிம்பு மரத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். தகட்டோரத்தை விரலால் தடவிப் பாருங்கள்: மரமும் இரும்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் எவரும் தேய்க்கவில்லை, இரும்பு நகத்தில் தட்டினால் தேய்த்திருக்கிறார்கள். வாங்குபவர்கள் முதலில் செய்யும் சோதனைகளில் இதுவும் ஒன்று. குழலை ஒட்டி அமையும் உட்பக்க மரத்தையும் ஆர்வத்தில் தேய்த்துவிட்டால், குழலின் மீதான அழுத்தம் மாறிக் குறியும் மாறிப்போகலாம்.

அழுக்கு இருந்தால் எண்ணெய் சிறிது தோய்த்த துணியால் துடையுங்கள்; பின்னர் உலர்ந்த துணியால் இன்னொரு முறை. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

---

நாலாம்வாசல் எழுதியது:

சட்டத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. வாங்குவதற்கு முன் அதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

பழம்பொருள் வணிகர் சொன்னது தவறு. சுவிஸ் ஆயுதச் சட்டத்தில் தொன்மையான சுடுகருவி என்பது 1870ஆம் ஆண்டுக்கு முன் தயாரிக்கப்பட்டது. 1940களின் கரபினர் எவ்வளவு பழையதாகத் தோன்றினாலும் அந்த வகைக்குள் வராது. அமெரிக்காவில் 1898 வரையிலானவை தொன்மை எனக் கொள்ளப்படுவதால் இணையத்தில் படிப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கேகூட இந்தத் துவக்கு தொன்மைக்குள் அடங்காது.

ஆனால் அச்சப்படவும் தேவையில்லை. கையால் ரவை மாற்றும் இராணுவத் துவக்குகளுக்கு, கைத்துப்பாக்கிக்குத் தேவைப்படும் கொள்வனவு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. எழுத்துமூல ஒப்பந்தமும் அறிவித்தலும் போதும். விற்பவர், வாங்குபவர் ஆகியோரின் விவரங்கள், துவக்கின் வகை, தயாரிப்பாளர், எண், கைமாறிய திகதி, இடம் ஆகியவற்றை எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். இரு தரப்பும் அதைக் குறைந்தது 10 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். விற்பவர் 30 நாட்களுக்குள் அதன் பிரதியை மாநிலத்தின் ஆயுதப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அம்மையாருக்கு இது சுமையாக இருக்கும்; கடித உறையை நீங்களே ஆயத்தம் செய்து, அவருடன் அமர்ந்து நிரப்பிக் கொடுங்கள். கணவரிடமிருந்து மரபுரிமையாக வந்த துவக்கை அவரும் ஆறு மாதங்களுக்குள் அறிவிக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் தகுதியுள்ள ஒருவருக்கு அதை மாற்றிக் கொடுத்துவிட்டால் தனி அறிவிப்புத் தேவைப்படாது. கணவர் இளவேனிலில் காலமானார் என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்களைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம்மவர்களுக்கே உரிய ஒரு விடயம். குறிப்பிட்ட சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதங்களை வாங்குவதையும் வைத்திருப்பதையும் சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதி தடை செய்கிறது. செர்பியா, பொஸ்னியா, கொசோவோ, வட மசிடோனியா, துருக்கி, அல்ஜீரியா, அல்பேனியா ஆகியவற்றுடன் இலங்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சி எனப்படும் நிரந்தர வதிவிட அனுமதியோடு இருபது, முப்பது ஆண்டுகளாக இங்கே வாழ்பவரானாலும் இலங்கைக் கடவுச்சீட்டு மட்டுமே வைத்திருப்பவருக்கு இது பொருந்தும். சுடுவதும் அந்தத் தடைக்குள் அடங்கும். ஆகவே "ஒருமுறை சுட்டுப் பார்க்கட்டுமே" என்று உறவினர் கையில் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சுவிஸ் குடிமகன் என்பதால் உங்களுக்குத் தடை இல்லை. வீட்டில் இலங்கைக் குடியுரிமையோடு வேறு எவரும் இருக்கிறார்களா?

---

ஆரைக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் தமையனார் எங்களோடுதான் இருக்கிறார். அவரிடம் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் உண்டு. இப்படி ஒரு பட்டியல் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. அப்படியானால் துவக்கை வீட்டில் வைக்கவே முடியாதா?

---

நாலாம்வாசல் எழுதியது:

வைக்கலாம். துவக்கைக் கவனமாகவும், உரிமையற்ற மூன்றாம் ஆளுக்கு எட்டாதவாறும் வைத்திருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் பொது விதி. சாதாரணக் குடும்பத்தில் அலுமாரிக்குள் பூட்டி வைத்தாலே போதும் என்று பலரும் விட்டுவிடுவார்கள். உங்கள் வீட்டில் திறப்பு உங்களிடம் மட்டும் இருக்கும் இரும்புப் பெட்டி ஒன்று வேண்டும். பூட்டுருளையைத் தனியாக வேறு இடத்தில் பூட்டி வைப்பது இன்னும் நல்லது. திறப்பு எங்கே இருக்கிறது என்பது தமையனாருக்குத் தெரியாமல் இருப்பது அவருக்கே பாதுகாப்பு. அவர் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன். கழகத்துக்குக் கொண்டுபோகும்போது ரவைகளைத் துவக்கிலிருந்து பிரித்துக் கொண்டுசெல்ல வேண்டும். ரவைக்கூட்டுக்குள்ளும் ரவை இருக்கக்கூடாது.

---

குழல்நோக்கி எழுதியது:

சுடுவதற்கு ஏற்றதா என்ற கேள்வி இன்னும் எஞ்சியிருக்கிறது. நான் பல ஆண்டுகளாகக் கழகத்தின் துவக்குகளைப் பராமரித்து வருகிறேன்.

எதையும் தொடங்குமுன் ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டு, பூட்டுருளையைப் பின்னே இழுத்து, ரவை அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இறந்தவர் வீட்டுத் துவக்கு வெறுமையாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

பின் பூட்டுருளையை முற்றாக வெளியே எடுத்து, குழலை வெளிச்சத்தின் பக்கம் காட்டிப் பின்னாலிருந்து பாருங்கள். குழலுக்குள் பழுப்பாகத் தடித்துக் கிடப்பது துருவாக இருக்க வேண்டியதில்லை. நீண்ட காலம் பேணுவதற்காக இங்கே குழலுக்குள் கொழுப்புப் பூசி வைப்பார்கள். ஆண்டுகள் செல்ல அது இறுகிப்போகும். துணியைச் செலுத்தித் துடைத்தபின், குழலுக்குள் திருகிச் செல்லும் வரிகளின் ஓரங்கள் கூர்மையாகவும் இடைப்பள்ளங்கள் ஒளிர்ந்தும் தெரிந்தால் மகிழ்ச்சி. ரவை அறையை அடுத்த பகுதி சற்றுச் சாம்பல்நிறமாக இருப்பது அதிகம் சுடப்பட்டதன் அடையாளம். அதுமட்டும் கெடுதல் அல்ல. குழல்வாயை இன்னும் கூர்ந்து பாருங்கள். வழிகாட்டி இல்லாமல் துடைக்கும் கம்பியை முன்னாலிருந்து செலுத்தி இழுத்தவர்களால் குழல்வாயின் வரிகள் ஒருபக்கமாகத் தேய்ந்துபோயிருக்கும். அத்தகைய துவக்கு வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் 300 மீற்றரில் குண்டுகளைச் சிதறடிக்கும். துவக்குத் திருத்தும் கடையில் குழல்வாயை அளக்கும் கோல் இருக்கும். சில நிமிட வேலை.

அடுத்து விசை. கா 31இன் விசை இரண்டு படிகளில் இயங்கும்: முதலில் எதிர்ப்பின்றி வரும், பின் தெளிவான சுவரில் முட்டும், அதற்கு மேல் சிறு அழுத்தத்தில் விடுபடும். அந்தச் சுவர் தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனால் எவரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள். பின்முனை வளையத்தைப் பின்னே இழுத்துத் திருப்பும்போது காப்பு நிலையில் உறுதியாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

ரவை, ஜிபி 11 எனப்படும் 7.5 × 55 மில்லிமீற்றர் ரவை. 11.3 கிராம் குண்டு. தூன் நகரில் தயாரிக்கப்பட்டுக் கழகங்களுக்கு வந்தது. அதன் கழுத்தில் மெழுகுபோன்ற பூச்சு வளையம் ஒன்று உண்டு. அது ரவை அறையில் ஒட்டி இறுகும்போது பூட்டுருளை கடைசி விரற்கடை தூரத்தில் இறுக்கமாக மூடும். துவக்கு கெட்டுவிட்டது என்று புதியவர்கள் பயப்படுவார்கள். ரவை அறையைத் தூரிகையால் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். இன்னொன்று, இதே வீட்டில் 1889 மாதிரி நீளத் துவக்கும் இருந்தால் ஜிபி 11ஐ அதில் போட்டுவிடாதீர்கள். அது பழைய, அழுத்தம் குறைந்த ரவைக்காகச் செய்யப்பட்டது. புதிய ரவையின் அழுத்தத்தைத் தாங்கக்கூடியதல்ல.

விலையைப் பற்றி: சாதாரண நிலையிலுள்ள கா 31 சுவிஸில் சில நூறு பிராங்குகளுக்குக் கைமாறும், ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட பொருளுக்கு அதுதான் இயல்பு. பூட்டுருளை எண் பொருந்துவது, மரம் தேய்க்கப்படாமல் இருப்பது, குழல் நன்றாக இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்த வரம்பின் மேல்பக்கத்தைக் கொடுங்கள். தொலைநோக்கி பொருத்திய குறிபார்ப்போர் மாதிரிகளுக்குக் கேட்கப்படும் பெருந்தொகைகளை இதனோடு ஒப்பிட வேண்டாம். அவை வேறு இனம். நியாயமாக நடக்க விரும்பினால் துவக்குத் திருத்துநரிடம் அம்மையாரின் பெயரிலேயே ஒரு மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். அவர் அந்தத் தொகையை ஏற்றால் உங்களுக்கும் நெஞ்சில் முள் இருக்காது.

---

ஆரைக்கரையான் எழுதியது:

அம்மையாரின் சம்மதத்தோடு துவக்குத் திருத்துநரிடம் காட்டினேன். பூட்டுருளை, ரவை அறை இடைவெளி எல்லாம் சரி. குழல்வாய் அளவு வரம்புக்குள் இருக்கிறது. ரவை அறையை அடுத்து மெல்லிய சாம்பல்நிறம் மட்டுமே என்றார். மதிப்பீட்டையும் எழுதித் தந்தார். வணிகர் கேட்ட தொகையைப்போல அது இரு மடங்குக்கும் மேல். அம்மையார் ஏற்றுக்கொண்டார். ஒப்பந்தத்தின் பிரதியும் அனுப்பியாயிற்று. பிடங்குத் தகட்டு ஓரத்தில் இரும்பு நகத்தில் தட்டவில்லை.

ஒன்று மட்டும் எதிர்பாராதது. பிடங்குத் தகட்டின் இரு திருகுகளையும் அவர் கழற்றியபோது, உள்ளே நாலாக மடித்த சிறு காகிதம் ஒன்று இருந்தது. பெயர், படைப்பிரிவு, ஊர் ஆகியவை பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. கணவரின் பெயர் அல்ல அது. இதை நான் என்ன செய்வது? அம்மையாரிடம் கொடுப்பதா, வெளியே எடுத்து வைப்பதா?

---

நேர்குறி எழுதியது:

வாழ்த்துகள். காகிதம் கிடைத்தது உங்கள் நல்ல காலம். தம் துவக்கை அடையாளம் காண்பதற்காகப் படைவீரர்கள் தகட்டின் கீழ் இப்படிப் பெயர்ச்சீட்டு வைப்பது வழக்கம். பல துவக்குகளில் ஈரம் அதைத் தின்றிருக்கும். கணவரின் பெயர் இல்லை என்றால், அவருக்கு முன் அந்தத் துவக்கு வேறொருவரிடம் இருந்திருக்கிறது. 1940களில் செய்து 1972இல் தனியுடைமையான துவக்குக்கு அது வியப்பல்ல.

அம்மையாருக்கு அதனோடு தொடர்பில்லை. எனவே சீட்டுத் துவக்கோடுதான் இருக்க வேண்டும். படம் எடுத்துவிட்டு, அமிலமற்ற உறையில் இட்டு ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியும் படத்தை இங்கே பதிவிட வேண்டாம். அந்தக் குடும்பத்தார் இன்றும் அதே ஊரில் இருக்கக்கூடும்.

---

குழல்நோக்கி எழுதியது:

உறையில் வைப்பதை நான் ஏற்கவில்லை. அது இத்தனை ஆண்டுகள் தகட்டின் கீழ்தான் இருந்தது. அங்கேயே திரும்ப வைத்தால்தான் அடுத்த உரிமையாளர் சீட்டையும் துவக்கையும் ஒன்றாகப் பெறுவார். தகட்டின் உட்புறத்தில் துரு இருந்தால் துடைத்து, எண்ணெய் முழுதும் காய்ந்த பின் வையுங்கள். ஈர எண்ணெய் பட்டால் பென்சில் எழுத்து கலங்கிவிடும். திருகுகளை முறுக்கும்போது தலைப் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருகாணி முடுக்கியைப் பயன்படுத்துங்கள்; பிளவு சிதைந்த திருகைப் பார்த்தால் துவக்கு திறக்கப்பட்டிருப்பதை எவரும் கண்டுகொள்வார்கள்.

முதன்முறை சுடப் போகும்போது குழலிலும் ரவை அறையிலும் உள்ள கொழுப்பை முற்றாகத் துடைத்துவிடுங்கள். ஆண்டுதோறும் மே, ஜூன் காலத்தில் நடக்கும் களச்சுடுதல் என்ற சுடுபோட்டிக்கு இந்தத் துவக்கையே கொண்டுவரலாம். 18 ரவைகள், 300 மீற்றர், அதிகபட்சம் 72 புள்ளிகள். பங்குபற்றக் கட்டணம் இல்லை. கா 31இன் ரவைக்கூடு ஆறு ரவை கொள்வதால், கடைசித் தொடரின் ஆறு ரவைகளுக்கும் இடையில் நிரப்ப வேண்டிய தேவை வராது. நேரிழுப்புப் பூட்டில், அந்தத் தொடருக்குத் தரப்படும் ஒரு நிமிடம் தாராளமாகப் போதும். ஆனால் கைப்பிடியை அரைகுறையாக இழுக்காமல், பின்சுவரில் முட்டும்வரை இழுத்துப் பழகிக்கொண்டு வாருங்கள்.